பீட்டர்சனின் 2,097 யார்டு: எழுத வருகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் முதல் நீளக் கட்டுரையை அனுப்பி, "அண்ணா, ஒரு பார்வை பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். 2012-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி ஆடிய சீசன் பற்றியது. முந்தைய சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. அந்த சீசனில் 10 வெற்றி, 6 தோல்வி. காரணம், அந்த சீசனில் பந்தோடு ஓடி 2,097 யார்டு முன்னேறிய ஏட்ரியன் பீட்டர்சனின் கால்கள் என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. 2013 ஜனவரியில் இதே கட்டுரையை நானும் எழுதியிருக்கிறேன்.

பெயர்ப் பிழை, யார்டை மீட்டர் ஆக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள்.

ஓடியதால் ஜெயித்தார்கள் என்று முடிவு கட்டுவது

இன்றைக்கும் என்னை எரிச்சலூட்டும் தவறு இது. நான் இதைச் செய்தபோது ஆட்டவாரியான கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மொத்த யார்டையும் மொத்த வெற்றியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், ஒன்றுக்கு மற்றது காரணம் என்றேன்.

ஆட்டவாரியாகப் பாருங்கள். முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கு வெற்றி. அவற்றில் பீட்டர்சன் 100 யார்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை. அடுத்த ஏழு ஆட்டங்களில் மனிதர் பேயாட்டம் ஆடினார்: சியாட்டிலில் 182, கிரீன் பேயில் 210. இரண்டிலும் தோல்வி. அந்த ஏழில் ஜெயித்தது இரண்டுதான். பிறகு டிசம்பரில் ஹூஸ்டன் அவரை 86 யார்டோடு நிறுத்தியது. வைக்கிங்ஸ் 23-6 என்று ஜெயித்தது.

பத்து வெற்றிகளில் அவருடைய சராசரி 133 யார்டு சொச்சம். ஆறு தோல்விகளில் 127. வித்தியாசம் ஆறேழு யார்டு. இதை வைத்துக்கொண்டா நான் இரண்டாயிரம் சொல் எழுதினேன்!

மாறியது எது? 2011-இல் அந்த அணி விட்டுக்கொடுத்த புள்ளிகள் 449. 2012-இல் 348. நூற்றொன்று குறைந்திருக்கிறது. அடித்த புள்ளிகளோ 340-இலிருந்து 379 ஆனது, அவ்வளவுதான். அந்த 379-லும் ஒரு பங்கு புதுமுக உதைப்பாளர் பிளேர் வால்ஷுடையது. 50 யார்டும் அதற்கு மேலும் உள்ள தூரத்திலிருந்து உதைத்த பத்தும் கோல்.

இன்னொரு கண்ணியும் உண்டு. முன்னிலையில் இருக்கும் அணி கடிகாரத்தைக் கரைக்கப் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடும். அப்போது சேரும் யார்டு வெற்றியின் பின்னால் வந்தது. அதைக் காரணமாக எழுதினால் வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டியதுபோல.

எனக்கு என்ன ஆயிற்று? 'ஓட்டம் இருக்கிறது, அடுத்த ஆண்டு இன்னும் மேலே போவார்கள்' என்று ஆணியடித்தாற்போல எழுதினேன். 2013-இல் 5 வெற்றி, 10 தோல்வி, ஒரு சமன். அடித்த புள்ளிகள் 391, அதாவது முந்தைய ஆண்டைவிட அதிகம். விட்டது 480. அத்தோடு என் பத்திக்கு இடமில்லை என்றார் ஆசிரியர். அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் கணக்கு அவர் பக்கம் இருந்தது.

6 யார்டு சராசரியை அப்படியே நம்புவது

348 முறை ஓடினார், முறைக்கு 6 யார்டு. ஒவ்வொரு முறையும் ஆறு கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். கிரீன் பேயிடம் ஒன்று, செயின்ட் லூயிஸிடம் ஒன்று என 82 யார்டு ஓட்டங்கள் மட்டும் இரண்டு. இரண்டு மூன்று யார்டோடு மடங்கியவை ஏராளம். அந்தச் சிறு ஓட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்தான் ஆட்டத்தைப் பார்த்தவர்.

முழங்காலை அதிசயமாக்குவது

2011 டிசம்பர் 24-இல் பீட்டர்சனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, ஒன்பது மாதத்துக்குள் களத்தில். தேதிகளே போதும்.

வழி திறந்தவர்களை மறப்பது

எதிரணியினரைத் தடுத்து அவருக்கு வழிவிட்டவர்கள் ஜெரோம் ஃபெல்டன், மேட் கலில், ஜான் சல்லிவன். பெயரையாவது எழுதுங்கள்.

ஒரே சீசனில் அதிக யார்டு ஓடிய சாதனை 9 யார்டில் போச்சே என்று அழுவது

வேண்டாம்.

எறிபவரை ஒதுக்கிவிடுவது

கடைசி வாரத்தில் கிரீன் பேயை 37-34 என்று வீழ்த்தி பிளே ஆஃப் எனும் நாக் அவுட் சுற்றுக்குள் நுழைந்தார்கள். பீட்டர்சனுக்கு 199 யார்டு. எல்லாரும் எழுதுவது இதைத்தான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கிறிஸ்டியன் பாண்டர் அன்று மூன்று டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார், எறிந்த ஒரு பந்தைக்கூட எதிரணியிடம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அதே கிரீன் பேயோடு ஆட்டம். முழங்கைக் காயத்தால் பாண்டர் இல்லை, ஜோ வெப் இறங்கினார். பீட்டர்சன் 99 யார்டு ஓடியும் 24-10 என்று தோற்றார்கள்.

தம்பியின் கட்டுரையில் பாண்டர் பெயர் ஒரே ஒரு இடத்தில் வந்தது. என்னுடையதில் அதுகூட இல்லை.