அபிடோஸ் தலத்தைப் படிக்கும் முறை

எகிப்தின் சோஹாக் மாகாணத்தில், நைல் ஆற்றுக்கு மேற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், வயல்கள் முடிந்து பாலை தொடங்கும் இடத்தில், பண்டைய அரச இடுகாடும் வழிபாட்டுத் தலமுமான அபிடோஸ் இருக்கிறது. அதைக் காண்பவர்களும் அதைப் பற்றி வாசிப்பவர்களும் பெரும்பாலும் எகிப்திய அரசர் முதலாம் சேத்தி கட்டிய கோயிலில் தொடங்கி, அதோடு நின்றுவிடுகிறார்கள். அக்கோயிலின் சிற்பங்கள் எகிப்தியக் கலையின் உச்சங்களில் ஒன்று என்றே நானும் கருதுகிறேன். ஆயினும் அங்குள்ள முதல் அரச கல்லறைகளுக்கு அது ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் பிந்தியது. ஆகவே பாலையின் உட்புறத்தில் தொடங்கி, வயலை நோக்கி வாருங்கள்.

முதலில் ஒரு செயற்கைக்கோள் படத்தில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வயலோரத்தில் சேத்தியின் கோயில், அதற்கு வடமேற்கே ஷுனத் அல்-ஸபீப் என்னும் நீள்சதுரச் செங்கல் மதில், பாலைக்குள் மலையிடுக்கை நோக்கிய உம்முல் கஆப் இடுகாடு. இவற்றை இணைக்கும் மணல் பள்ளத்தாக்கையும் மறக்காமல் குறியுங்கள். இத்தலத்தின் சமய வரலாறு அந்தப் பாதையில்தான் நடந்தது.

உம்முல் கஆப் என்றால் 'பானைகளின் தாய்' என்று பொருள். அங்கே தரையை மூடிக் கிடக்கும் பானை ஓடுகளைப் பார்த்து, அவை கல்லறைகளின் காலத்தவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கல்லறைகள் கி.மு. 3000ஐ ஒட்டியவை, ஓடுகளில் பெரும்பகுதியோ பிற்காலத்து அடியார்கள், இறந்தோர் உலகின் தெய்வமான ஒசைரிஸுக்குப் படையலிட்டு வைத்த கலங்களின் எச்சம். முதல் அரசமரபைச் சேர்ந்த ஜெர் என்பவரின் கல்லறையைச் சுற்றி 300க்கும் மேற்பட்ட துணைப் புதைகுழிகள் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் அதே கல்லறையை ஒசைரிஸின் சமாதியாகவே வழிபட்டார்கள். ஆகவே அங்கு கிடைத்த எந்தப் பொருளைப் பற்றி வாசித்தாலும், அது புதைத்தவர்கள் வைத்ததா, வழிபட்டவர்கள் வைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் தோண்டியது என்பதையும் பாருங்கள். 1890களில் எமில் அமெலினோ அவசரமாகத் தோண்டியவற்றை, 1899 முதல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி மீண்டும் ஆய்ந்தார். 1977 முதல் ஜெர்மன் தொல்லியல் நிறுவனம் அதே மண்ணை மறுபடி சலித்தது. அந்தப் பொறுமையின் பலனாகத்தான் 1988இல் குந்தர் டிரையரின் குழு 12 அறைகள் கொண்ட யு-ஜே கல்லறையையும், அதிலிருந்த எலும்பு, தந்தச் சிறு வில்லைகளையும் கண்டது. துளையிடப்பட்ட அந்த வில்லைகளில் உள்ள குறிகள் எகிப்திய எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் அடங்கும்.

அடுத்து வயலோர மதில்கள். உம்முல் கஆபில் புதைக்கப்பட்ட அரசர்கள் தம் வழிபாட்டுக்காக இங்கே தனி வளாகங்கள் எழுப்பினார்கள் என்பதால், கல்லறையையும் வளாகத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஷுனத் அல்-ஸபீப், இரண்டாம் அரசமரபின் காசெகெம்வி கட்டியது. சுடாத செங்கல்லால் ஆன அதன் சுவர்கள் இன்றும் சில இடங்களில் ஏறத்தாழ 11 மீட்டர் உயரம் நிற்கின்றன. அதன் அருகே மணலில் புதைக்கப்பட்ட 14 மரப் படகுகளும் கிடைத்துள்ளன.

பின்னர் அந்த மணல் பள்ளத்தாக்கு. எகிப்து வரலாற்றின் மத்திய முடியாட்சிக் காலத்தில் (ஏறத்தாழ கி.மு. 2000–1700), ஒசைரிஸின் உற்சவம் ஆண்டுதோறும், சேத்தியின் கோயிலுக்கு முந்திய ஒசைரிஸ் கோயிலிலிருந்து புறப்பட்டு இவ்வழியாக இடுகாட்டுக்குச் சென்றது. அரசர் மூன்றாம் செனுஸ்ரெத் அனுப்பிய அதிகாரி இகெர்னோஃப்ரெத் தன் நினைவுக்கல்லில், அந்த விழாவில் தான் செய்த பணிகளை விவரிக்கிறார். அக்கல் இப்போது பெர்லினில் உள்ளது. புறப்பாட்டைக் காணும்படி பாதையோரம் தம் பெயரில் சிறு நினைவு மாடங்களைக் கட்டிக்கொள்ள மக்கள் விழைந்தார்கள். பாதையைக் காக்க, அங்கே கல்லறை கட்டக் கூடாது என்று 13ஆம் அரசமரபுக் காலத்தில் ஆணைக்கல்லே நட வேண்டியிருந்தது.

கடைசியாகச் சேத்தியின் கோயிலுக்குள் வாருங்கள். அங்கே 76 அரசப் பெயர்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஹட்செப்சுத், அகெனாதென், தூதன்காமுன் ஆகியோர் அதில் விடப்பட்டுள்ளனர். அப்பட்டியலின் முதல் எட்டுப் பெயர்களை, உம்முல் கஆபில் கா என்ற அரசரின் கல்லறையில் கிடைத்த களிமண் முத்திரைப் பதிவோடு ஒப்பிடுங்கள். முத்திரை நார்மெரில் தொடங்கி 'ஹோரஸ் பெயர்'களை, அதாவது அரசருக்கு இருந்த பல பெயர்களுள் ஹோரஸ் தெய்வத்தோடு இணைந்த பெயரை, தருகிறது. கோயில் சுவரில் உள்ள பட்டியல் மெனியில் தொடங்கி வேறு பெயர்களைத் தருகிறது. பெயர்கள் வேறுபட்டாலும், இரண்டிலும் முதல் மரபுக்கு எட்டு அரசர்களே வருகிறார்கள்.