ஒரு தடவை எழும், மறு தடவை எழாது: பழைய லேப்டாப்பில் செய்யக்கூடாதவை

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்துக்கு வார இறுதியில் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள இளையர்கள் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் சரியாக எழாத பழைய லேப்டாப் ஒன்று மேசைக்கு வந்துவிட்டால், எல்லார் கையும் அதே சில தவறுகளுக்குத்தான் போகிறது. சுவிட்ச் போட்டிருக்கிறதா, திரை வெளிச்சம் குறைந்திருக்கிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

கோப்புகளை எடுக்காமல் விண்டோஸை மறுபடி போடுவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அக்கா ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். காலையில் எழாதாம், மாலையில் எழுமாம். அவருடைய அப்பா வீட்டில் பாடிய தேவாரப் பதிவுகள் அதில் மட்டும்தான் இருந்தன. அப்பா இப்போது இல்லை. உறவுக்காரப் பையன் ஒருவன் நல்லெண்ணத்தோடு ரீசெட் கொடுத்திருக்கிறான். அது பாதியில் உறைந்து நின்றுவிட்டது. ஹார்ட்டிஸ்க் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. புது விண்டோஸ் எழுதப்பட்ட இடத்தில் முன்பு இருந்தது இனி வராது. சில பதிவுகளை மீட்டோம். பாதிக்கு மேல் திரும்பவில்லை.

காரணம் எளிது. ஹார்ட்டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதியைப் படிக்கும்போது அந்த வட்டு திரும்பத் திரும்ப முயலும். அதனால்தான் ஒரு நாள் தாமதமாக எழுகிறது, மறுநாள் எழுவதே இல்லை. அந்த நிலையில் ரீசெட்டும், வட்டின் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கும், விண்டோஸே தானாக ஓட்டும் ஸ்டார்ட்டப் ரிப்பேரும் வட்டில் எழுதக்கூடியவை. சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி வட்டாக இருந்தால் இன்னும் மோசம்: அழித்த கோப்புகளின் இடத்தைக் காலியாக்க விடும் ட்ரிம் வேலைசெய்திருந்தால் அழித்ததை மீட்க அநேகமாக வழியே இல்லை.

ஆகவே, எப்போதாவது எழுந்துவிட்டால் அதைச் சோதனைக்கு வீணாக்காதீர்கள். அப்டேட் போடாதீர்கள். வெளி வட்டைச் செருகி, இழக்க முடியாததை முதலில் பிரதியெடுங்கள். எழவே இல்லையென்றால் வட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்புக் கேபிள் வழியாக வேறு கணினியில் மாட்டுங்கள்; அல்லது பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளால் முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் பிரதியெடுங்கள். அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசிக்கு விடும். வட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் அதைக் கொல்கிறது. உள்ளே இருப்பது உண்மையிலேயே தேவையென்றால் தரவு மீட்பு நிபுணரிடம் போக வேண்டும், செலவு அதிகம்தான்.

வட்டு நல்லது என்று தெரிந்த பிறகு மற்றதைப் பாருங்கள். வட்டின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில், காத்திருக்கும் செக்டர்களின் (படிக்கச் சிரமப்படும் பகுதிகளின்) எண்ணிக்கை பூச்சியமாக இல்லையென்றால் அந்த வட்டை நம்ப வேண்டாம்.

பயாஸில் கை வைப்பதற்கு முன் மீட்பு எண்ணை எடுக்காதது

வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கினால், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதைக் குறித்து வையுங்கள்.

பொருந்துகிறது என்பதற்காக எந்தச் சார்ஜரையும் செருகுவது

வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். 90 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 65 வாட் கொடுத்தால், எழும் நேரத்தில் மின்சாரம் போதாமல் அணைந்துபோகலாம். டெல் லேப்டாப்கள் சிலவற்றில் பிளக்கின் நடுவிலுள்ள மெல்லிய ஊசி சார்ஜரை அடையாளம் காட்டும். அது வளைந்தாலே பேட்டரி ஏறாமல் போகலாம்.

தேதியைக் கவனிக்காதது

எழும்போதெல்லாம் கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டுகிறதா? மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 போன்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பயாஸ் அமைப்புகள் மறந்துபோய், லேப்டாப் வட்டே இல்லை என்று சொல்லிவிடலாம். சிம் லிம் ஸ்குவேர் பக்கம் சில வெள்ளிக்குக் கிடைக்கும். மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள் என்று வருத்தத்தோடு வருபவர்களிடம் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பேட்டரி இணைப்பை எடுக்காமல் ரேமைத் தொடுவது

வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் ரேமின் தொடுமுனைகள் மங்குவது உண்மை. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பதும் சரிதான், ஆனால் மின்சாரம் முழுதும் போன பிறகு.

உப்பிய பேட்டரியை அழுத்துவது

அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

ஷட்டவுன் என்றால் முழு அணைப்பு என்று நம்புவது

விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கினால் ஷட்டவுன் பாதி உறக்கம்தான். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதில் ஒழுங்காக எழுந்து ஷட்டவுனுக்குப் பின் மட்டும் தகராறு செய்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள்.