முதலில் ஸ்டாண்டை நகர்த்துங்கள்

மணப்பெண்ணைப் படம் எடுக்கும்போது விளக்கின் பவரைத் தொடுவதற்கு முன் ஸ்டாண்டைத்தான் நகர்த்துவேன். என்னிடம் இருப்பது 60 சென்டிமீட்டர் சதுர சாப்ட்பாக்ஸ் ஒன்றுதான்; விளக்கில் மாட்டும், முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட பெட்டி அது. அதைப் படத்துக்குள் தெரியாதபடி, முகத்துக்கு 60 சென்டிமீட்டர் வரை நெருக்கினால் மூக்கு நிழலின் ஓரம் கரைந்துவிடும். 2 மீட்டருக்குத் தள்ளுங்கள். அதே நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும், நெற்றி வியர்வை புள்ளி புள்ளியாக மின்னும். பெட்டி மாறவில்லை, முகத்திலிருந்து பார்த்தால் சிறுத்துவிட்டது. அவ்வளவு பெரிய சூரியனே தொலைவில் இருப்பதால்தானே உச்சிவெயிலில் கண்குழியைக் கறுப்பாக்குகிறது!

தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்காகும். லென்ஸ் துளையின் அளவு (எண் குறைந்தால் துளை பெரிது) 1 மீட்டரில் எஃப் 8 என்றால் 2 மீட்டரில் எஃப் 4, அல்லது கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 100லிருந்து 400 ஆக்க வேண்டும். பெட்டி மிக அருகில் இருந்தால் இந்தக் கணக்கு சற்றுப் பிசகும். கேமராவின் திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் எடுத்த முதல் குடும்பப் படத்தில் விளக்கருகே நின்ற தாத்தா வெளுத்துப்போனார், கடைசிப் பேரன் இருட்டில் நின்றான். விளக்கு ஒருவருக்கு 1 மீட்டரில் இருந்தால், 1.4 மீட்டரில் நிற்பவருக்குப் பாதி ஒளிதான் கிடைக்கும். இப்போது குழுவுக்கு 3 மீட்டர் தள்ளி வைக்கிறேன்; 40 சென்டிமீட்டர் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. நிழல் கடினமாகுமே என்றால், விளக்குக்கு முன்னால் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக் கட்டுவேன். சலவைக்குப் போட்ட நீலம் ஒட்டியிருந்தால் முகமும் நீலம் பூக்கும், கவனம்.