கைக்குழந்தையோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு: கார் சீட்டுக்கு முதலே வழி பண்ணுங்கள்

கனடாவில் இருந்து நேரே கொழும்புக்குப் போகாமல், திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர்ப் பக்கம் கோயில்களைப் பார்த்துவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் இறங்கி ஊருக்குப் போக நினைக்கிற, கையில் சின்னப் பிள்ளை இருக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கிய சேவை. கடல் அமைதியாக இருந்தால் நாலு மணித்தியாலம் போதும். மாரியில் நிறுத்திவிடுவார்கள், நவம்பர் டிசம்பரை நம்பி டிக்கெட் போடாதீர்கள். காங்கேசன்துறை நான் சின்ன வயதில் எட்டியும் பார்க்க முடியாத கரை, அப்போது அது இராணுவம் மூடிவைத்திருந்த அதியுயர் பாதுகாப்பு வலயம். அங்கே என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்ற ஆசைதான் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்க வைத்தது.

பிள்ளையை வாகனத்தில் இருத்திக் கட்டுகிற கார் சீட்டைக் கனடாவில் இருந்தே கொண்டுபோங்கள். யாழ்ப்பாணத்தில் வாடகைக்குத் தேடிப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். பெரும்பாலான விமானங்களில் பிள்ளையின் கார் சீட்டைப் பொதியாகப் போடக் காசு இல்லை. கப்பலில் அது பொதியின் நிறையில் சேருமா சேராதா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

திருச்சியில் இருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வாடகைக் கார்களில் பின் சீட்டு பெல்ட்டின் கொக்கி பெரும்பாலும் சீட் உறைக்கு அடியில் போயிருக்கும், ஆகவே புறப்படுகிற அன்று காலையில் இல்லை, முதல்நாளே வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். "இதெல்லாம் இங்க யாரும் போடுறதில்லைங்க" என்று டிரைவர் சொன்னால், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ பிள்ளைகளுக்கான சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள். எங்களுக்கு அதோடு பேச்சு முடிந்தது.

உண்மையான பாடு காங்கேசன்துறையில் இறங்கின பிறகுதான்.

எங்களை ஏற்ற வான் வண்டியை மாமா ஒழுங்கு பண்ணியிருந்தார். பெல்ட் இருக்கிறதா என்று போனில் கேட்டபோது "எல்லாம் இருக்கு, நீங்கள் வாங்கோ" என்றார்கள். வெளியே வந்து பார்த்தால் வான் நிறைய எங்கள் ஆட்கள். பெரியம்மா, இரண்டு மாமிமார், மச்சாள், அவளுடைய பிள்ளைகள், பக்கத்து வீட்டு ஐயா. நடுவரிசையில் ஜன்னல் பக்கம் பெல்ட் தொங்கியது, ஆனால் கொக்கியைக் காணவில்லை. ரெக்சின் உறையை அதன் மேலேயே வைத்துத் தைத்திருந்தார்கள். ட்ரைவர் தம்பி விரலை விட்டுத் துழாவி, தையலைப் பிளேட்டால் கீறி, மண்ணும் டொபித் தாளுமாக அதை வெளியே இழுத்தெடுத்தான். அவ்வளவு நேரமும் வெயிலில் பிள்ளை கத்துகிறது, மாமா கார் சீட்டைக் காட்டி "இந்தப் பெட்டி ரெண்டு பேற்ற இடத்தைப் பிடிக்குது, பின்னுக்குப் போடுங்கோ" என்கிறார், பெரியம்மா இரண்டு கையையும் நீட்டியபடி "பிள்ளையைத் தா, நான் மடியில வச்சிருக்கிறன். உங்களை எல்லாம் மடியிலதானே கொண்டு திரிஞ்சனாங்கள்" என்கிறா.

அவ சொன்னது பொய் இல்லை. இடம்பெயர்ந்து போனபோது என்னை மைல்கணக்காகத் தூக்கிக்கொண்டு நடந்தவ அவ. பிறந்ததில் இருந்து போனில் மட்டும் பார்த்த பிள்ளை, கையெட்டுகிற தூரத்தில் வந்தும் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கொடுக்கவில்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வான் சடாரென்று நின்றால், எவ்வளவு பாசம் இருந்தாலும் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க முடியாது. வீடு வரும்வரை பெரியம்மா வெளியே பார்த்தபடியே வந்தா. அப்புறம் நல்லூருக்கு, கீரிமலைக்கு, நயினாதீவுக்குப் படகு ஏறக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு என்று எங்கே வெளிக்கிட்டாலும் அதே கதைதான். "வெளிநாட்டுப் பிள்ளை, எங்கட மடி சரிவராது" என்று ஒரு மாமி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன், வானில் வைத்து இந்த வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள், அங்கே யாரும் வெல்ல முடியாது. புறப்பட முதலே வீட்டில் உள்ள மூத்தவரோடு நீங்களே கதையுங்கள், தகப்பனைக் கொண்டோ தம்பியைக் கொண்டோ சொல்லுவிக்க வேண்டாம். பிள்ளை சீட்டில் இருக்கிற வீடியோ ஒன்றை அனுப்பி, பக்கத்து இடம் உங்களுக்குத்தான் என்று சொல்லுங்கள். பெரியம்மாவை சீட்டுக்குப் பக்கத்தில் இருத்தி, பிள்ளையின் கையை அவ கையில் கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் கோபம் தணிந்தது. கூட வருகிற ஆட்களுக்கு இரண்டாவது வாகனம் பிடித்து, அந்தக் காசை நீங்களே கொடுங்கள். உங்களைப் பார்க்க வந்தவர்களை "இடமில்லை" என்று துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் பெல்ட்டை முழுதாக இழுத்துவிட்டால் அது இறுகி நிற்கும். ஊர் வான்களில் பலவற்றில் அப்படி நிற்காது, சீட் தளர்ந்து ஆடும். ஆகவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற பூட்டு சீட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அதற்கான இரும்புக் கிளிப்பைக் கொண்டுபோங்கள். கைக்குழந்தைச் சீட்டை, காரிலேயே பூட்டி வைக்கிற அதன் அடித்தட்டு இல்லாமல், இடுப்பு பெல்ட்டால் மட்டும் பூட்டலாமா என்பதைக் கையேட்டில் பார்த்து வீட்டிலேயே பழகுங்கள். ஐரோப்பாவில் வாங்கிய சீட்டுகள் பலவற்றுக்குத் தோள் பெல்ட்டும் வேண்டும், அதை வான்காரரிடம் படம் அனுப்பச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். எயார்பாக் உள்ள முன் சீட்டில் பிள்ளை பின்பக்கம் பார்த்து இருக்கிற சீட்டை வைக்கவே கூடாது. ஓட்டோவில் இதைப் பூட்ட வழியில்லை, பிள்ளையோடு தூரப் பயணத்துக்கு ஓட்டோ வேண்டாம். வெயிலில் நின்ற வானில் கொக்கி சுடும், ஒரு வெள்ளைத் துணியால் மூடி வையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை நிறுத்திப் பிள்ளையை வெளியே எடுங்கள். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு, யாழ்ப்பாணத்தில் இருந்து தெற்கே போகிற ஏ9 வீதி நீண்ட பாதை, இதை மறக்க வேண்டாம்.

கடைசியில் மச்சாள், "அந்தச் சீட்டை விட்டுட்டுப் போங்கோவன், என்ர சின்னவனுக்கு உதவும்" என்று கேட்டாள். உங்களிடமும் கேட்பார்கள். காலாவதித் திகதி சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கும், அது தாண்டவில்லை, விபத்திலும் படவில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள். விமான நிலையம் வரை உங்கள் பிள்ளைக்கு அது வேண்டும், இறங்கின பிறகு வந்த வானிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பலாம். எப்படிப் பூட்டுவது என்று தமிழில் எழுதி சீட்டின் முதுகில் ஒட்டிவிடுங்கள், ரொறன்ரோவில் உங்களை ஏற்ற வருகிறவரிடம் வேறொரு சீட் கொண்டுவரச் சொல்லுங்கள்.