ரக்பி அணிப் பட்டியலைப் படிக்கும் முறை: பதினாறாம் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

காரைக்குடிப் பக்கத்துக் கபடிக் களங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், பாடிப் போகிறவர் யார், பிடிக்கிறவர் யார் என்பதை அணி இறங்கியவுடன் சொல்லிவிடுவார்கள். சர்வதேச ரக்பி ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பு வெளியாகும் 23 பேர் பட்டியலையும் அப்படிப் படிக்க முடியும். புள்ளிக் கணக்கும் அடிப்படை விதிகளும் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, 1 முதல் 8 வரையுள்ள ஃபார்வர்டுகளை (முன்னணியில் மோதித் தள்ளுபவர்கள்) மேலேயும், 9 முதல் 15 வரையுள்ள பேக்குகளை (பின்னணியில் ஓடி ஆடுபவர்கள்) கீழேயும் எழுதுங்கள். இதற்கென்று செயலிகள் இருந்தாலும், அம்புக்குறி போட்டு அடித்துத் திருத்தக் காகிதத்துக்கு ஈடில்லை என்பது என் கருத்து.

அடுத்தது 16 முதல் 23 வரையுள்ள மாற்று வீரர்கள். புதியவர்கள் பெரும்பாலும் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் பயிற்சியாளரின் திட்டம் இருக்கிறது. ஸ்க்ரம்மின் (இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து தள்ளும் அமைப்பு) முன்வரிசை ஆபத்தானது என்பதால், நடுவில் நிற்கும் ஹூக்கர் ஒருவர், அவருக்கு இருபுறமும் நிற்கும் பிராப்புகள் இருவர் என அதற்குப் பழகிய மூவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆகவே பயிற்சியாளர் தம் விருப்பப்படி நிரப்பக்கூடியவை மீதமுள்ள ஐந்து இடங்களே. அவற்றில் இரண்டு ஃபார்வர்டுகளும் மூன்று பேக்குகளும் இருந்தால், முன்வரிசை மூவரையும் சேர்த்து ஐந்து ஃபார்வர்டுகள், மூன்று பேக்குகள்; அது வழக்கமான 5-3 அமைப்பு. 6-2 என்றால், இரண்டாம் பாதியில் புதிய பலத்தை இறக்கி எதிரணி ஃபார்வர்டுகளை நசுக்கும் எண்ணம் என்று கொள்ளலாம். 2019 உலகக் கோப்பையைத் தென்னாப்பிரிக்கா வென்றது இந்த வழியில்தான்.

2023 இறுதிப் போட்டியில் அதே அணி 7-1 வரை சென்றது. மாற்று வீரர்களில் இருந்த ஒரே பேக், ஃபுல் பேக்கான (15-ஆம் எண் இடம்) வில்லி லெ ரூ. ஸ்க்ரம் ஹாஃப் (9-ஆம் எண் இடம்) ஃபாஃப் டி கிளெர்க்குக்கு நேரடி மாற்று கிடையாது. எனவே மாற்று ஃபார்வர்டுகளை எண்ணி முடித்ததும், யாருக்கு மாற்று இல்லை என்பதைத் தேடி அந்த எண்ணைச் சுற்றி வட்டமிடுங்கள். மாற்று இருப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது: அந்த ஆட்டத்தில் ஹூக்கர் போங்கி ம்பொனாம்பி தொடக்க நிமிடங்களிலேயே காயமடைய, பெரும்பாலும் ஃபிளாங்கராக (ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃபார்வர்டு) ஆடிவந்த டியான் ஃபூரி கிட்டத்தட்ட முழு ஆட்டத்துக்கும் ஹூக்கராக நிற்க நேர்ந்தது. 12-11 என்று வென்றார்கள் என்றாலும், எனக்கு இந்தச் சூதாட்டம் பிடிக்காது; 6-2 போதும்.

கடைசியாக, ஆட்டத்தை வழிநடத்தி உதைக்கும் 10-ஆம் எண்ணையும் வானிலையையும் சேர்த்துப் பாருங்கள். மழையில் பந்து வழுக்கும், டிரைகள் குறையும், உதையின் மதிப்பு கூடும். 2023 உலகக் கோப்பை அரையிறுதியில் 10-ஆம் எண்ணான மானி லிபோக்கை முதல் பாதி முடிவதற்குள்ளேயே எடுத்துவிட்டு ஹான்ட்ரே பொல்லார்டை இறக்கினார்கள். அவருடைய கடைசி நேரப் பெனால்டி உதைதான் இங்கிலாந்தை 16-15 என வீழ்த்தியது. இறுதிப் போட்டியில் எடுத்த 12 புள்ளிகளும் அவர் உதைத்தவையே.

பின்சேர்க்கை: வெளியேறியவர் திரும்ப வர முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். திட்டப்படி மாற்றப்பட்டவர் பொதுவாகத் திரும்ப முடியாது. ஆனால் இரத்தக் காயம், தலைக் காயப் பரிசோதனை, முன்வரிசை வீரரின் காயம் போன்ற சூழல்களில் வரலாம். ஆகவே வெளியேறிய பிராப்பின் பெயரை முழுவதுமாக அடித்துவிடாமல், பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டு வையுங்கள்.