அனுமதி மறுக்கப்பட்டதும் 777-க்கு ஓடாதீர்கள்

பலர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் கணினியில் 'பெர்மிஷன் டினைடு' என்று திரை சொன்னதும் பலருடைய கை தானாகத் தட்டுவது, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தந்துவிடும் சிஎச்மாட் 777 கட்டளை. சாவி எங்கே என்று தேடாமல் கதவைக் கழற்றி வைக்கும் வேலை இது. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: இப்போது நான் எந்தப் பயனர், பாதையின் எந்தப் படியில் தடுக்கப்படுகிறேன்.

வேறொரு பயனராக மாற உதவும் 'எஸ்யூ' கட்டளையுடன் பெயரை மட்டும் தந்தால் ஆள் மாறுவாரே தவிர, நிற்கும் இடம் மாறாது. பழைய பயனரின் ஹோம் கோப்புறையிலேயே புதிய பயனர் நின்றுகொண்டிருப்பார். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் கோப்புறைகள் 755-க்குப் பதிலாக 750 அனுமதியுடன் (உரிமையாளரும் குழுவும் தவிர மற்றவர்களுக்கு எதுவும் இல்லை) உருவாகின்றன. எனவே அங்கே கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் தட்டினால் மறுப்பு வருவதில் வியப்பில்லை. எஸ்யூவை அடுத்து ஒரு சிறுகோடு போட்டால் புதிய பயனரின் ஹோமுக்கும் அவருடைய சூழலுக்கும் முறையாகப் போய்ச் சேரலாம். குழப்பமாக இருந்தால், நீங்கள் யார் என்று சொல்லும் 'ஐடி', எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும் 'பிடபிள்யூடி' இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

கோப்புக்கு 777 தந்தும் திறக்கவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் மேலே உள்ள கோப்புறைதான் காரணம். கோப்புறையில் 'ஆர்' என்ற படிக்கும் அனுமதி இருந்தால் உள்ளே உள்ள பெயர்களைப் பட்டியலிடலாம். உள்ளே நுழைந்து கடக்க 'எக்ஸ்' வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் கோப்புறையிலிருந்து கோப்புவரை ஒவ்வொரு படியிலும் அது இருக்க வேண்டும். 'நேம்ஐ' கட்டளையை எல் விருப்பத்துடன் முழுப் பாதைக்கு இயக்கினால் ஒவ்வொரு படியின் உரிமையாளர், குழு, அனுமதி எல்லாம் வரிசையாக வரும். அந்த வெளியீட்டைப் பார்க்காமல் சிஎச்மாட் பக்கமே போகக் கூடாது என்பேன். இன்னொன்று: உரிமையாளர் நீங்களே என்றால் உரிமையாளருக்கான அனுமதி மட்டுமே பார்க்கப்படும். குழுவுக்குக் கூடுதலாக இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை.

ஒரு கோப்புறைக்கும் உள்ளே உள்ள அனைத்துக்கும் சேர்த்து 644 (யாருக்கும் எக்ஸ் இல்லாத அனுமதி) போடுவதும் ஆபத்துதான். கோப்புறைகளின் எக்ஸ் பறிபோய், சாதாரணப் பயனர் தன் கோப்புறைக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்பார். ஹோமுக்கு 777 போட்டால், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையகம் இயல்பான அமைப்பில் உங்கள் திறவுகோலை ஏற்காது; கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி முழுவதற்கும் போட்டால், நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை இயக்கும் சூடோவே வேலைநிறுத்தம் செய்யும்.

குழுவில் ஒருவரைச் சேர்க்க 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டு, சிறிய ஏ-யை விட்டுவிட்டால், அவர் ஏற்கெனவே இருந்த மற்றத் துணைக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். சூடோ குழுவும் அதில் போய்விடலாம். சரியாகச் சேர்த்தாலும், அவர் வெளியேறி மீண்டும் உள்நுழையும்வரை பழைய அமர்வுக்கு அது தெரியாது. ஒரு குழுவே சேர்ந்து எழுதும் கோப்புறைக்கு 2770 பொருத்தம்: 770 உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி தரும்; முன்னால் உள்ள 2, புதிய கோப்புகளுக்கும் அதே குழுவைத் தரும். ஆனால் புதிய கோப்புகளில் எந்த அனுமதிகளைக் குறைப்பது என்று சொல்லும் யூமாஸ்க் 022 ஆக இருந்தால் சக உறுப்பினர்களால் படிக்க மட்டுமே முடியும், 002 ஆக்குங்கள்.

சூடோ போட்டும் கோப்பில் எழுத முடியவில்லையா? வெளியீட்டைத் திருப்பிவிடும் '>' குறியை இயக்குவது சூடோ அல்ல, நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் உங்கள் ஷெல். அது உங்கள் உரிமையோடுதான் கோப்பைத் திறக்கப் பார்க்கிறது. வெளியீட்டைக் குழாய்க் குறியால் (|) 'சூடோ டீ' கட்டளைக்கு அனுப்பினால் எழுதிவிடும்.