தேங்காய் பர்பி: பதம் தவறாமல் செய்வது எப்படி?

தேங்காய்த் துருவல் 2 கப், சர்க்கரை ஒன்றரை கப், தண்ணீர் கால் கப், நெய் 2 டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி கால் டீஸ்பூன். சாமான் இவ்வளவுதான். கப் எந்த அளவில் இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் அதே கப்பால் அளந்துகொள்ளுங்கள்.

துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வரை போகாமல் வெள்ளையோடு நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பர்பி அழுக்கு நிறமாகிவிடும். துருவல் நீளநீளமாக இருந்தால் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் இரண்டே சுற்று. அதற்கு மேல் ஓட்டினால் பால் கசிந்து, கிளறும் நேரம் கூடிப்போகும். இளந்தேங்காயில் ஈரம் அதிகம், வில்லை இறுகாது. கொப்பரையாகத் தொடங்கியதோ எண்ணெய் கக்கும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தட்டில் நெய் தடவி வையுங்கள். பதம் வந்தபின் தட்டைத் தேடினால் வாணலியிலேயே இறுகிவிடும்.

அடிகனமான வாணலியில் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கரண்டி நுனியில் ஒரு சொட்டுப் பாகு எடுத்து, சூடு தணிந்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்துப் பாருங்கள். ஒற்றைக் கம்பி அறாமல் நீண்டால் துருவலைக் கொட்டலாம்.

இனி மிதமான தீ, கை ஓயக்கூடாது. முதலில் நீர்த்தாற்போல் தெரியும், பயப்பட வேண்டாம். ஏறக்குறைய 10 நிமிடத்தில் கலவை சுருண்டு கரண்டியோடு சேர்ந்து வரும். அப்போது நெய்யும் ஏலக்காயும் போடுங்கள். பிறகு கடிகாரத்தை மறந்துவிட்டு வாணலி ஓரத்தையே கவனியுங்கள். கலவை நுரைத்து வந்து, ஓரத்தில் சர்க்கரை வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியதும் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும்.

நெய் தடவிய கிண்ணத்தின் அடிப்பக்கத்தால் அழுத்திச் சமப்படுத்துங்கள். 5 நிமிடம் கழித்து, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். ஆறியபின் வெட்டினால் நொறுங்கும். வில்லைகளைப் பெயர்த்தெடுப்பது மட்டும் முழுக்க ஆறிய பிறகு.

ஆறியும் அல்வா மாதிரி குழைந்திருந்தால் முன்கூட்டியே இறக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மறுபடி வாணலியில் போட்டு 2, 3 நிமிடம் கிளறினால் சரியாகிவிடும். உதிர் உதிராகப் போனால் பதம் தாண்டிவிட்டது. 2 டேபிள்ஸ்பூன் பால் தெளித்து, சிறு தீயில் சர்க்கரை இளகும்வரை கிளறி, திரும்பத் தட்டில் பரப்புங்கள். பால் சேர்த்தது சீக்கிரம் கெடும் என்பதால் அதை ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.